பெருவிரலா, திருகா? தூண்டில் ரீலின் தடை பற்றி ஒரு திறனாய்வு

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து சேலம் செல்லும் நெடுஞ்சாலையில் உள்ள ஊர் எலவனாசூர்கோட்டை. ஐப்பசி, கார்த்திகை மழையில் சுற்றுவட்டார ஏரிகள் நிரம்பிவிட்டால், மாலை வேளைகளில் கரை நெடுகத் தூண்டில்காரர்களைக் காணலாம். மூங்கில் கழி, நைலான் நரம்பு, மயிலிறகுத் தண்டில் செய்த தக்கை, கொட்டாங்கச்சி நிறைய மண்புழு: பெரும்பாலோரின் கருவி இவ்வளவுதான். ரீல் வைத்திருப்பவர் சிலரே.

அப்படி ரீல் வைத்திருந்த இருவரைப் பற்றியது இக்கட்டுரை. ஒருவர் எழுபதைக் கடந்த பெரியவர். அவரிடம் இருப்பது பழைய பித்தளை ரீல். அச்சில் ஓர் உருளை, உருளையில் ஒரு கைப்பிடி; வேறு எந்தப் பொறியும் அதில் இல்லை. மீன் ஓடும்போது உருளையின் விளிம்பில் பெருவிரலை வைத்து வேகத்தை அடக்குவார். மற்றவர் தொழிற்கல்லூரி மாணவர். அவர் தபாலில் தருவித்த புதிய ரீலும் அச்சில் சுழலும் உருளைதான். ஆனால் நடுவில் ஒரு திருகு உண்டு. அதை இறுக்கினால் உள்ளேயிருக்கும் தட்டுகள் ஒன்றையொன்று அழுத்தி, உருளை சுழல்வதற்குத் தடை கொடுக்கும்.

“எவ்வளவு இறுக்கணும் சார்?” என்று அவர் என்னைக் கேட்டார். நான் இயற்பியல் கற்பித்தவன். நரம்பு 6 கிலோகிராம் எடை தாங்கும் என்று உறையில் அச்சிட்டிருந்தது. “பாதிக்கு வையப்பா. 3 கிலோகிராம் இழுவிசையில் உருளை சுழலட்டும். நரம்பு ஒருபோதும் அறாது” என்றேன். சுருள்வில் தராசைக் கட்டி இழுத்துச் சரிபார்த்தும் கொடுத்தேன்.

பெரியவர் சிரித்தார். “வாத்தியாரே, திருகு சொன்னத மீன் கேக்குமா?” என்றார்.

மறுவாரம் மாணவரின் தூண்டிலில் பெரிய கட்லா ஒன்று சிக்கியது. ஏரியின் நடுவை நோக்கி அது ஓடிற்று. ரீல் ஒழுங்காகச் சுழன்று நரம்பை விட்டுக்கொடுத்தது. 100 மீட்டர் நரம்பில் ஏறக்குறைய முக்கால் பங்கு போன பிறகு, ‘படீர்’ என்று அறுந்துவிட்டது. இரண்டு நாள் கழித்துக் கரையோர நாணலில் ஒரு நீர்க்காகம் செத்துக் கிடந்தது. அதன் இறக்கையிலும் காலிலும் நைலான் நரம்பு பின்னியிருந்தது. அந்த நரம்புதானா என்று எவரும் சாட்சி சொல்ல இயலாது. எனினும் அந்த மாணவர் என்னை நிமிர்ந்து பார்த்தபோது, “என் கணக்கில் எங்கே பிழை?” என்ற கேள்வி என்னை விடவில்லை. நான் சொன்ன 3 கிலோகிராமும் சரி, தராசும் சரி, ரீலும் பழுதில்லை. பின் நரம்பு ஏன் அறுந்தது?

விடை தேடப் போய், திருகுத் தடையையும் விரல் தடையையும் எடைபோட்டுப் பார்க்க வேண்டியதாயிற்று.

சக்கரமும் அச்சும்

முதலில் கருவியை அறிந்துகொள்வோம். இன்று கடைகளில் மிகுதியாக விற்கும் ரீலில், நரம்பு வீசும்போது உருளை அசையாது நிற்கும். நரம்பு அதன் முனையிலிருந்து வளையம் வளையமாக உருவிப்போகும். இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டைச் சேர்ந்த இல்லிங்வொர்த் என்பவர் 1905இல் காப்புரிமை பெற்ற வடிவம் இது. நாம் ஆராய்வது அதனினும் பழையது. இதில் உருளை நடுவச்சில் சுழன்றுதான் நரம்பை விடும், சுழன்றுதான் சுற்றும். ஆகவே இதை ‘நடுவச்சு ரீல்’ எனலாம். கிணற்று ராட்டினத்தைப் படுக்கைவாட்டில் பார்த்தவர்களுக்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும்.

இவ்வகை ரீல் புகழ் பெற்றது இங்கிலாந்தில் டிரென்ட் ஆற்றங்கரையில் உள்ள நாட்டிங்காம் நகரில். மரத்தில் கடைந்த இலேசான உருளைகளை அங்கே செய்தனர். ஓடும் நீர் தக்கையை இழுத்துச் செல்லும்போது, அந்தச் சிறிய இழுப்புக்கே உருளை தங்குதடையின்றிச் சுழல வேண்டும் என்பதே அவர்களது நோக்கம். எனவே தடை இல்லாமை அங்கே ஒரு சிறப்பாயிற்று. தடை தேவைப்படும் கணத்தில் விரலை வைத்தால் போதும். 1896இல் அல்ன்விக் நகரின் ஹார்டி நிறுவனம் வெளியிட்ட ‘சைலெக்ஸ்’ போன்ற ரீல்களில், தடையைக் கூட்டவும் குறைக்கவும் அமைப்புகள் சேர்ந்தன.

நம் நாட்டுக்கும் இவ்வகைத் தூண்டில் வேட்டை புதியதன்று. மதராஸ் சிவில் சர்வீசைச் சேர்ந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், இந்திய ஆறுகளில் தூண்டில் போடுவது பற்றி 1873இல் ஒரு நூலும், ஏரி குளங்களில் தூண்டில் போடுவது பற்றி 1887இல் மற்றொரு நூலும் வெளியிட்டார். அக்காலத்திய ரீல்கள் நடுவச்சு வகையினவே. 1946இல் காவிரியின் கிளையான கபினியில் டி வெட் வான் இங்கன் 120 பவுண்டு, அதாவது 54 கிலோகிராம் எடையுள்ள மஹ்சீர் மீனைத் தூண்டிலில் பிடித்தார்.

கடலில் தோற்ற விரல்

விரல் தடைக்கு எதிரான முதல் பெரிய சாட்சியம் கலிபோர்னியாவில் கிடைத்தது. அங்கே கட்டலினா தீவின் அருகே சார்லஸ் ஹோல்டர் என்பவர் 1898இல் 183 பவுண்டு எடையுள்ள சூரை இன மீன் ஒன்றைக் கழித் தூண்டிலில் பிடித்தார். அவ்வாண்டே அங்கே ஒரு சூரைமீன் சங்கமும் தோன்றியது. அக்காலத்து ரீலில் உள்தடை கிடையாது. உருளையின் மேல் ஒரு தோல் பட்டையைத் தைத்துத் தொங்கவிட்டு, அதைப் பெருவிரலால் அழுத்தி மீனை அடக்கினர். கைப்பிடியோ உருளையுடன் சேர்ந்து பின்னோக்கிச் சுழன்று விரல்களை மொத்தியது. இதனால் அந்த ரீலுக்கு ‘முட்டி உடைப்பான்’ என்ற பட்டப் பெயரும் வந்தது.

தோல் பட்டை ஏன் தேவைப்பட்டது? கணக்கிட்டுப் பார்ப்போம். 3 கிலோகிராம் எடையின் இழுவிசை ஏறக்குறைய 30 நியூட்டன். அந்த இழுவிசையோடு மீன் 50 மீட்டர் ஓடினால் செய்யப்படும் வேலை 1,500 ஜூல். இவ்வளவும் உராய்வில் வெப்பமாக மாறுகிறது. 18 கிராம் நீரின் வெப்பநிலையை 20 பாகை உயர்த்த இது போதும். உலோக விளிம்பு இவ்வெப்பத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்ளும் என்றாலும், தோல் உரியும் இடம் விரலின் ஒரு சிறு பரப்பே. ஏரிக் கட்லாவுக்கே இப்படியானால், 80 கிலோகிராம் சூரைக்கு என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

1913இல் வில்லியம் போஷன் என்பவர், தாம் கருத்துக் கொடுத்துச் செய்வித்த புதிய ரீலைக் கொண்டு அதே கட்டலினாவில் 355 பவுண்டு வாள்மீனைப் பிடித்தார். உள்ளே அடுக்குத் தட்டுகள், வெளியே அவற்றை அழுத்த நட்சத்திர வடிவத் திருகு. நரம்பு ஓடும்போது கைப்பிடி அசையாது நின்றது. அன்று முதல் கடல் தூண்டிலில் விரலின் ஆட்சி முடிந்தது எனலாம்.

இவ்வரலாற்றைப் படிப்பவர்கள், திருகு வந்ததும் விரலுக்கு வேலையில்லை என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நானும் அவ்வாறே நினைத்தேன். பெரிய மீனுக்கு உண்மையாவது எல்லா மீனுக்கும் உண்மை என்று கொள்வதில்தான் பிழை தொடங்குகிறது.

திருகு எதை நிலையாக வைக்கிறது?

திருகை ஓரளவுக்கு இறுக்கினால், தட்டுகளுக்கு இடையில் ஒரு குறிப்பிட்ட உராய்வு ஏற்படுகிறது. அவ்வுராய்வு உருளையின் சுழற்சியை எதிர்க்கும் திருப்புவிசையாகச் செயல்படுகிறது. ஆகவே திருகு நிலையாக வைத்திருப்பது திருப்புவிசையை. ஆனால் நரம்பை அறுப்பது இழுவிசை. இவ்விரண்டுக்கும் உள்ள தொடர்பு பத்தாம் வகுப்பு மாணவருக்கும் தெரிந்ததே: திருப்புவிசையை ஆரத்தால் வகுத்தால் இழுவிசை கிடைக்கும். இங்கே ஆரம் என்பது அச்சிலிருந்து நரம்பின் மேலடுக்கு வரை உள்ள தூரம்.

நரம்பு போகப்போக அந்த ஆரம் குறைகிறது! திருப்புவிசை மாறாமல் ஆரம் குறைந்தால் இழுவிசை கூடியே தீர வேண்டும். தேர் வடத்தையும் கிணற்றுக் கயிற்றையும் பார்த்து வளர்ந்த எனக்கு இது அன்று உறைக்கவில்லை.

மாணவரின் ரீலை அளந்து பார்த்தோம். நரம்பு முழுதும் சுற்றியிருக்கும்போது ஆரம் 4 சென்டிமீட்டர். நரம்பே இல்லாத வெற்று உருளையின் ஆரம் 2 சென்டிமீட்டர். நான் தராசு கட்டி 3 கிலோகிராமுக்குச் சரிசெய்தது முழு உருளையில். நரம்பின் நீளம் ஆரத்தின் இருமடிக்கு ஏற்ப அமைவதால், மேற்கொண்டு கணக்கு இவ்வாறு வருகிறது. ஆரம் 3.2 சென்டிமீட்டர் ஆகும்போது 100 மீட்டரில் 48 மீட்டர் போயிருக்கும்; இழுவிசை 3.75 கிலோகிராம். ஆரம் 2.4 ஆகும்போது 85 மீட்டர் போயிருக்கும். இழுவிசை 5 கிலோகிராம். வெற்று உருளை தெரியும் நேரத்தில் 6 கிலோகிராம்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. முதல் பாதி நரம்பு போகும்வரை இழுவிசை கால் பங்கு மட்டுமே கூடுகிறது. இரண்டாம் பாதியில் அது தொடக்க அளவின் முக்கால் பங்கு மேலும் கூடிவிடுகிறது. ஆபத்து மெல்ல வந்து கடைசியில் பாய்கிறது. கரையில் நிற்பவருக்குத் திருகு அதே இடத்தில் இருப்பது தெரியும். ஆகவே இழுவிசையும் அதேதான் என்று நம்பிக்கொண்டிருப்பார்.

அப்படியானாலும் 6 கிலோகிராம் நரம்பு 74 மீட்டரில் ஏன் அறுந்தது? முடிச்சு! நைலான் நரம்பில் முடிச்சுப் போட்ட இடம் முழு வலுவோடு இருப்பதில்லை. சாதாரண முடிச்சில் கால் பங்கு வலு குறைந்தால் 4.5 கிலோகிராம்தான் மீதி. மேற்சொன்ன கணக்கின்படி இழுவிசை 4.5 கிலோகிராமை எட்டுவது ஆரம் 2.67 சென்டிமீட்டர் ஆகும்போது, அதாவது 74 மீட்டர் போனபின். மாணவர் சொன்ன முக்கால் பங்கும் இதுவும் ஒத்துப்போனதைக் கண்டு இருவரும் சிறிது நேரம் பேசாமல் இருந்தோம்.

இதற்கு மேல் இரண்டு சேர்மானங்களும் உண்டு. ஒன்று, நீரில் கிடக்கும் நீண்ட நரம்பைப் பக்கவாட்டில் இழுத்துக்கொண்டு மீன் திரும்பினால் நீரின் எதிர்ப்பும் நரம்பின் மேல் விழும். மற்றொன்று, உருளையின் நிலைமம். மீன் திடீரென்று வெட்டி இழுக்கும்போது உருளையையும் அதே கணத்தில் முடுக்கிவிட வேண்டும். இதற்கான கூடுதல் இழுவிசை ஆரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் அமையும். ஆரம் பாதியானால் அது நான்கு மடங்கு. 150 கிராம் உருளைக்கு, மீனின் முடுக்கம் புவியீர்ப்பு முடுக்கத்தைப் போல் இருமடங்கு என்று கொண்டால், முழு உருளையில் ஏறக்குறைய 0.2 கிலோகிராம் கூடும். காலியாகும் உருளையில் 0.8 கிலோகிராம் வரை கூடும்.

திருகின் மற்றொரு குறை நிலை உராய்வு. நகரத் தொடங்குவதற்கு வேண்டிய விசை, நகர்ந்துகொண்டிருப்பதற்கு வேண்டிய விசையைக் காட்டிலும் மிகுதி. பல நாள் இறுக்கியே வைத்திருந்த தட்டுகள் ஒட்டிக்கொண்டு, முதல் இழுப்பில் அசைய மறுக்கும். விலை மலிந்த ரீல்களில் இக்குறை மிகுதி. உறையின் மேல் ‘அதிகபட்சத் தடை இத்தனை கிலோகிராம்’ என்று அச்சிடும்போது, அது எந்த ஆரத்தில் அளந்தது, தொடக்க விசையா ஓட்ட விசையா என்று குறிப்பிடாமல் விடுவதும் வழக்கம். அந்த இரண்டும் தெரியாத எண்ணால் வாங்குபவருக்குப் பயனில்லை.

விரல் எங்கே தோற்கிறது?

இதுவரை கூறியதைக் கொண்டு பெரியவரின் பித்தளை ரீலுக்கு மாலை சூட்டிவிடலாமா? பொறுங்கள்.

விரலையும் அதே அளவுகோலால் அளக்க வேண்டும். விளிம்பில் வைத்த விரல் ஒரே அழுத்தத்தோடு இருந்தால் அதுவும் ஒரே திருப்புவிசையைத்தான் தரும். விளிம்பின் ஆரம் மாறுவதில்லை. நரம்பின் ஆரம் மட்டும் குறைகிறது. எனவே இழுவிசை திருகில் கூடியது போலவே இங்கும் கூடும். அதைக் குறைக்கவல்லது பெரியவரின் கவனமே. கழி எவ்வளவு வளைகிறது, உருளை எவ்வளவு மெலிந்தது என்று பார்த்து, அவர் அழுத்தத்தைத் தளர்த்துகிறார். கவனம் சிதறினால் அவருடைய நரம்பும் அறும்.

இரண்டாவது, காலத்தாழ்வு. தொடு உணர்வு மூளைக்குப் போய் விரலுக்குக் கட்டளை திரும்ப ஏறக்குறைய 0.15 முதல் 0.2 வினாடி ஆகும். வினாடிக்கு 3 மீட்டர் வேகத்தில் பாயும் மீன் 0.2 வினாடியில் 60 சென்டிமீட்டர் போய்விடும். அந்நேரம் விரல் உருளையை இறுகப் பிடித்திருந்தால், அந்த 60 சென்டிமீட்டரையும் நரம்பின் நீட்சியும் கழியின் வளைவும்தான் தர வேண்டும். 30 மீட்டர் நரம்பு வெளியே இருந்தால் இது வெறும் 2 விழுக்காடு நீட்சி. நைலானுக்கு இது பொருட்டே அன்று. வெளியே இருப்பது 3 மீட்டர் என்றால் 20 விழுக்காடு. நைலான் அறும் எல்லைக்கு அருகில் வந்துவிட்டது. களைத்துப்போனதாக நினைத்துக் கரைக்கு இழுத்த மீன், காலடியில் கடைசியாக ஒரு துள்ளுத் துள்ளி அறுத்துக்கொண்டு போவதைத் தூண்டில்காரர் எவரும் அறிவர். அதன் காரணம் இதுவே. “கைக்கு வந்தது வாய்க்கு வரல” என்று அவர்கள் விதியை நோவார்கள்.

இலேசாக வைத்த விரல் தானே வழுக்கிக் கொடுக்கும் என்பதும் உண்மை. ஆனால் மீன் அருகில் வந்துவிட்ட பரபரப்பில் விரலை இலேசாக வைத்திருக்க எத்தனை பேரால் முடியும்? திருகுக்குப் பரபரப்புக் கிடையாது. தட்டுகள் ஒட்டாதிருந்தால் மூளையைக் கேட்காமலே அது வழுக்கும்.

ஆகவே இரு தடைகளும் ஒரே இடத்தில் தோற்பதில்லை. நரம்பு வெகுதூரம் போனபின் திருகு தோற்கிறது. மீன் காலடிக்கு வந்தபின் விரல் தோற்கிறது. ‘எது சிறந்தது?’ என்று பொதுப்படக் கேட்பவர்களுக்கு விடை கிடைக்காததன் காரணம் இதுதான்.

நரம்பின் மேல் விரல்

கட்டலினாவின் தோல் பட்டையை மீண்டும் நினைத்துப் பார்ப்போம். அது அழுத்தியது விளிம்பை அன்று, சுற்றிய நரம்பையே. இவ்வேறுபாடு சிறியதாகத் தோன்றினும் இயற்பியல் அடியோடு மாறிவிடுகிறது. விரலின் உராய்வு நரம்பின் மேலடுக்கிலேயே செயல்படுவதால், அதன் ஆரமும் நரம்பு பிரியும் ஆரமும் ஒன்றே. திருப்புவிசை காண அந்த ஆரத்தால் பெருக்குகிறோம். இழுவிசை காண அதே ஆரத்தால் வகுக்கிறோம். ஆரம் அடிபட்டுப் போகிறது. உருளை நிறைந்திருந்தாலும் காலியானாலும் ஒரே அழுத்தத்துக்கு ஒரே இழுவிசை!

திருகு செய்ய முடியாத இதை, அறிந்தோ அறியாமலோ அந்தத் தோல் பட்டை செய்து வந்தது. ‘விரல் தடை’ என்று ஒரே பெயரால் அழைக்கப்படுபவை உண்மையில் இரண்டு தடைகள் என்பதைத் தூண்டில் பற்றிப் பேசுவோர் பிரித்துக் காண்பதில்லை. விளிம்பில் விரல் வேறு. நரம்பில் விரல் வேறு.

மாணவரின் ரீலில் இரண்டாவது வகைக்கு வழியே இல்லை. உருளையின் அகலம் அரைச் சென்டிமீட்டர்தான். நரம்பு சிறிது குறைந்ததும் விரல் அந்தப் பள்ளத்துக்குள் நுழையாது. வெளிச்சட்டம் விளிம்பையும் மூடியிருப்பதால் முதல் வகைக்கும் இடமில்லை. இழுவிசை கூடும்போது திருகைத் தளர்த்தலாமே என்பீர்கள். திருகு இருப்பது பின்னோக்கிச் சுழலும் கைப்பிடிக்கு நடுவில்! அங்கே விரலை நீட்டுவது முட்டி உடைப்பானின் காலத்துக்குத் திரும்புவதாகும்.

இந்த ரீலின் மேல் எனது முதன்மையான குற்றச்சாட்டு இதுவே. திருகு வைத்தது பிழையன்று. திருகு வைத்துவிட்டு விரலை வெளியே தள்ளியது பிழை. குறுகலான உருளை இன்னொரு பிழை. அதே 100 மீட்டர் நரம்பை 3 சென்டிமீட்டர் அகலமுள்ள உருளையில் சுற்றினால், ஆரம் 4இலிருந்து ஏறக்குறைய 3.74 சென்டிமீட்டருக்குத்தான் இறங்கும். இழுவிசை இருமடங்காவதற்குப் பதில் ஏறக்குறைய 7 விழுக்காடு மட்டுமே கூடும். அகன்ற உருளையில் நரம்பு ஒரு பக்கமாகக் குவியும், எடையும் சற்றுக் கூடும் என்பவை அதன் குறைகள். விரலால் நரம்பைப் பரப்பிச் சுற்றினால் முதற்குறை தீரும்.

தீர்ப்பு

விரலுக்கும் திருகுக்கும் உள்ள ஒரு சிறிய வேற்றுமையை வைத்தே முடிவுக்கு வரலாம். திருகு தந்துகொண்டிருக்கும் தடையோடு விரலால் மேலும் கூட்ட முடியும். அதிலிருந்து குறைக்க முடியாது. கூட்ட மட்டுமே முடிந்த ஒன்றை ஒரு கருவியோடு சேர்க்கும்போது, கருவியைக் குறைந்த அளவில் வைப்பதே அறிவுடைமை.

முழு உருளையில் நரம்பின் வலுவில் பாதி என்று நான் சொன்னது தவறு. நாலில் ஒரு பங்கு என்று சொல்லியிருக்க வேண்டும். 6 கிலோகிராம் நரம்புக்கு 1.5 கிலோகிராம். ஆரம் பாதியானாலும் இழுவிசை 3 கிலோகிராமைத் தாண்டாது, முடிச்சின் 4.5 கிலோகிராமுக்கு உட்பட்டே நிற்கும். திடீர் இழுப்புக்கும் இடம் மிஞ்சும். மூன்றில் ஒரு பங்கு என்று பழகியவர்கள் சொல்லும் விதியில் இருக்கும் அறிவும் இதுவே. ஆனால் அதில் மிஞ்சும் இடம் சிறிது.

மீன் நடுத்தூரத்தில் இருக்கும்போது 1.5 கிலோகிராம் போதவில்லை என்றால், மேற்கொண்டு வேண்டியதை விரல் சேர்க்கட்டும். நரம்பு பாதிக்கு மேல் போய்விட்டால் விரலை எடுத்துவிட வேண்டும். அங்கே திருகே மிகுதியாகத் தந்துகொண்டிருக்கிறது. மீன் கரையருகே வந்ததும் மீண்டும் விரலை எடுத்துவிட வேண்டும். அங்கே விரல் தாமதிக்கும். வீடு திரும்பியதும் திருகைத் தளர்த்தி வைக்க வேண்டும். இல்லையேல் தட்டுகள் ஒட்டும்.

ரீல் வாங்குபவர் உறையின் எண்ணைப் பாராமல் மூன்றைப் பார்க்கட்டும். நிறைந்த உருளைக்கும் வெற்று உருளைக்கும் ஆரம் எவ்வளவு வேறுபடுகிறது? விளிம்போ நரம்போ விரலுக்கு எட்டுகிறதா? திருகை அரைவாசி இறுக்கி மெதுவாக இழுத்தால், உருளை வெட்டி வெட்டி நகர்கிறதா, வழுக்கிக்கொண்டு நகர்கிறதா?

நீங்களே செய்து பாருங்கள்

ரீல் இல்லாத மாணவர்களும் இதைச் சோதித்துப் பார்க்கலாம். தடித்த தையல் நூல்கண்டு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பென்சிலில் காகிதத்தைச் சுற்றி, கண்டின் துளையில் சற்று இறுக்கமாக நுழையும்படி செய்யுங்கள். பென்சிலைப் படுக்கைவாட்டில் அசையாமல் பிடித்து, நூலின் முனையில் ஒரு காகிதக் குவளையைக் கட்டித் தொங்கவிடுங்கள். கண்டு சுழலத் தொடங்கும்வரை ஒரே வகை நாணயங்களை ஒவ்வொன்றாகக் குவளையில் போட்டு எண்ணுங்கள். பிறகு நூலில் பெரும்பகுதியை வேறொரு கண்டுக்கு மாற்றிவிட்டு மறுபடியும் எண்ணுங்கள். பென்சில் மாறவில்லை, காகிதம் மாறவில்லை. நாணயம் மட்டும் கூடுதலாகத் தேவைப்படும். கண்டின் இரு ஆரங்களையும் அளந்து, விகிதம் ஒத்துவருகிறதா என்று பாருங்கள். நாணயத்தை மெதுவாக வைப்பது முக்கியம். விழும் நாணயம் கணக்கைக் கெடுக்கும்.

விளையாட்டு அன்று

ஒரு மீன் போனால் என்ன, அடுத்தது கிடைக்கும் என்பார் உளர். அறுந்த தூண்டில் மீனோடு முடிவதில்லை. முள் வாயில் தைத்தபடி, பல மீட்டர் நரம்பை இழுத்துக்கொண்டு திரியும் மீன், நீர்க்கொடிகளில் மாட்டிச் சாகும். நைலான் ஆண்டுக்கணக்கில் மக்காமல் ஏரியில் கிடக்கும். நீர்க்காகம், கொக்கு, ஆமை எதுவும் அதற்குத் தப்பாது. கபினியில் 54 கிலோகிராம் எட்டிய மஹ்சீர் இனமோ இன்று அழிவின் விளிம்பில் நிற்கிறது. திமில் மஹ்சீர் எனப்படும் அவ்வினத்தை உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2018இல் ‘மிக அருகிய’ இனங்களின் வரிசையில் சேர்த்தது. கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் கோமுகியும் மணிமுக்தாவும் நிரப்பும் அணைகளிலும், நம் ஊர் ஏரிகளிலும் இருப்பவை கெண்டையும் விராலும்தான் என்றாலும், அவற்றின் வாயும் வலியும் வேறல்ல.

மாணவர் இப்போது ரீலின் வெளிச்சட்டத்தில் ஒரு பகுதியை அரத்தால் அராவி, விளிம்பு விரலுக்கு எட்டும்படி செய்துகொண்டார். திருகை 1.5 கிலோகிராமில் வைத்திருக்கிறார். பெரியவர் அதை வாங்கிச் சுழற்றிப் பார்த்துவிட்டு, “இப்பதான் தம்பி ரீலுக்கு வெரல் மொளச்சிருக்கு” என்றார். அவருடைய பித்தளை ரீலுக்கு ஒரு தோல் பட்டை தைத்துக் கொடுப்பதாக நானும் சொல்லியிருக்கிறேன். எழுபது வயதுப் பெருவிரலின் தோலும் இயற்பியலுக்கு உட்பட்டதுதானே!